வேலி போடுவது கோர்ட்டு, உழவேண்டியது நாம்!



எந்த ஊரில் சங்கக் கூட்டம் போட்டாலும், முடிகிற நேரத்தில் யாராவது ஒருவர் எழுந்து இந்தக் கேள்வியைக் கேட்காமல் இருப்பதில்லை. "ஏன் தலைவரே, அதான் கேஸ் போட்டாச்சே! ஜட்ஜய்யா பாத்துக்குவாரு. அப்புறம் எதுக்கு நாம வேலை வெட்டியை விட்டுட்டு ரோட்டுல போயி உக்காரணும்?"

கேட்கிறவரைக் குறை சொல்ல முடியாது. வி.ஏ.ஓ.விடம் சொல்லிப் பார்த்தாச்சு. தாசில்தாரிடம் மனு கொடுத்தாச்சு. கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் வரிசையில் நின்று கால் கடுத்ததுதான் மிச்சம். கையில் இருப்பது மனு கொடுத்த ரசீது மட்டும். அதே விவகாரத்தில் ஐகோர்ட்டு ஒரு நோட்டீஸ் அனுப்பிவிட்டால், அதுவரை நிமிர்ந்து பார்க்காத அதிகாரி ஃபைலைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார். இதைக் கண்ணால் பார்த்தவனுக்குக் கோர்ட்டுதான் குலசாமி என்று தோன்றுவது இயற்கை.

கோர்ட்டு வேண்டாம் என்று இந்தச் சங்கம் சொல்லவில்லை. ஆனால் கேஸ் போட்டதோடு கடமை முடிந்தது என்று பந்தலைப் பிரித்துவிட்டு வீட்டுக்குப் போனவன் என்ன கதியானான் என்பதை நாம் பார்த்திருக்கிறோம். கோர்ட்டால் எது முடியும், எது முடியாது என்று விவசாயி தெரிந்து வைத்துக்கொள்ளவேண்டிய காலம் இது.

அதிகாரம் எதுவரை?

அரசியல் சட்டத்தின் 32ஆவது பிரிவு, அடிப்படை உரிமை பறிபோனவன் நேரே உச்ச நீதிமன்றத்துக்குப் போகலாம் என்கிறது. 226ஆவது பிரிவு, அதே கதவை ஐகோர்ட்டில் இன்னும் அகலமாகத் திறந்து வைத்திருக்கிறது. பணக்காரன் மட்டுமே நுழைந்துகொண்டிருந்த இந்தக் கதவை ஏழைக்கும் திறந்துவிட்டவர்கள் என்று நீதிபதிகள் கிருஷ்ணய்யர், பகவதி போன்றவர்களைச் சொல்லவேண்டும். ஃபரீதாபாத் கல்குவாரிகளில் கொத்தடிமையாகக் கிடந்த தொழிலாளர்களுக்காக எழுதப்பட்ட ஒரு கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டு, 1983இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பொதுநல வழக்கு என்று இன்று நாம் சொல்வது வளர்ந்த விதம் இதுதான். இப்படி நீதிமன்றம் தானே இறங்கி வந்து வேலை செய்வதைத்தான் பத்திரிகைகளில் 'நீதிமன்றச் செயலூக்கம்' என்று எழுதுகிறார்கள்.

நல்ல விஷயம்தான். ஆனால் மூன்று பொருள் கோர்ட்டிடம் இல்லை. கஜானாச் சாவி இல்லை. அரசுப் பணத்தை எடுத்துச் செலவு செய்ய சட்டமன்றமோ பாராளுமன்றமோ ஒப்புதல் தரவேண்டும். சொந்தமாகப் போலீசோ, மடையைத் திறக்க ஆளோ இல்லை. தீர்ப்பை நிறைவேற்றுவதும் அதே அரசாங்கம்தான். மூன்றாவது, ஓட்டு இல்லை. நீதிபதி நம் வாசலுக்கு ஓட்டுக் கேட்டு வருவதில்லை. யாருக்கும் பயப்படாமல் தீர்ப்பு எழுத முடிவது அதனால்தான். நாடு எந்தக் கொள்கையில் நடக்கவேண்டும் என்று அவர் முடிவு செய்ய முடியாததும் அதனால்தான். தப்பாகப் போனால் அவரை நாம் மாற்ற முடியாதே!

கடன் தள்ளுபடி: ஜெயித்தும் கிடைக்காத கேஸ்

2016ஆம் ஆண்டு தமிழக அரசு கூட்டுறவு சங்கங்களில் வாங்கிய பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தது. 5 ஏக்கர் வரை உள்ள சிறு, குறு விவசாயிகளுக்கு மட்டும் என்று கோடு போட்டது. ஐந்தரை ஏக்கர் மானாவாரிக் காடு வைத்திருந்தவன் 'பெரிய விவசாயி' ஆகிவிட்டான்! கிணற்றில் தண்ணீர் இல்லை, வானத்தில் மேகம் இல்லை, ஆனால் காகிதத்தில் அவன் பண்ணையார்.

இதை எதிர்த்து தேசிய தென்னிந்திய நதிகள் இணைப்பு விவசாயிகள் சங்கம் வழக்குப் போட்டது. 2017 ஏப்ரல் 4 அன்று ஐகோர்ட்டு மதுரைக் கிளை, வறட்சி எல்லோருக்கும் பொதுதான், எல்லா விவசாயிகளுக்கும் தள்ளுபடி கொடு என்று உத்தரவு போட்டது. டெல்லி ஜந்தர் மந்தரில் நம்மாட்கள் மண்டை ஓட்டை வைத்துக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருந்த நேரம் அது. ஊருக்கு ஊர் வெடி போட்டுக் கொண்டாடினோம்.

மூன்று மாதம்கூட ஓடவில்லை. தமிழக அரசு அப்பீல் போனது. 2017 ஜூலை 3இல் உச்ச நீதிமன்றம் ஸ்டே கொடுத்தது. அப்புறம் வாய்தா, வாய்தா, வாய்தா! 2021 நவம்பர் 23இல் தீர்ப்பு வந்தது. ஐகோர்ட்டு உத்தரவு ரத்து. சிறு, குறு விவசாயிக்குக் கஷ்டம் அதிகம், அவனுக்கு மட்டும் கொடுப்பது பாரபட்சம் ஆகாது, யாருக்குத் தள்ளுபடி என்று வரையறுப்பது அரசின் கொள்கை முடிவு என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஐகோர்ட்டு நீதிபதிகளின் மனசு நம் பக்கம் இருந்தது. சந்தேகமில்லை. ஆனால் சாவி இல்லாத இடத்தில் பூட்டைத் திறக்கப் போனார்கள். நாலரை வருஷம் நம்பிக் காத்திருந்தவனுக்குக் கடைசியில் கிடைத்தது தீர்ப்பு நகல் மட்டும். கோர்ட்டு தள்ளுபடி செய்துவிட்டது என்று நினைத்துக் கடனைக் கட்டாமல் விட்டவனுக்கு அசலோடு வட்டியும் ஏறியிருக்கும்.

இதற்கு நடுவில் இன்னொன்று நடந்தது. அதைக் கவனியுங்கள். 2021 பிப்ரவரி 5 அன்று, தேர்தலுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, சட்டமன்றத்தில் முதலமைச்சர் எழுந்து, 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடி என்று அறிவித்தார். எந்தக் கோர்ட்டு உத்தரவும் இல்லை. வக்கீல் ஃபீஸ் இல்லை. வாய்தா இல்லை. கஜானாச் சாவி யாரிடம் இருக்கிறதோ, அவர்கள் வாசலில் நாம் வருஷக்கணக்கில் நின்றோம். ஓட்டு வருகிற நேரத்தில் சாவி திரும்பியது.

காவிரி: சாமி வரம் கொடுத்தது, பூசாரி?

காவிரி வழக்கைத் தொடங்கியதும் ஒரு விவசாயிகள் சங்கம்தான். 1983இல் தஞ்சை விவசாயிகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். ஏழு வருஷம் கழித்து, 1990 மே மாதம், நடுவர் மன்றம் அமைக்கும்படி மத்திய அரசுக்கு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஜூன் 2இல் அமைந்தது. 1991இல் 205 டி.எம்.சி. இடைக்காலத் தீர்ப்பு. 2007 பிப்ரவரி 5இல் 419 டி.எம்.சி. இறுதித் தீர்ப்பு. அது மத்திய அரசிதழில் ஏறவே 2013 ஆனது. 2018 பிப்ரவரி 16இல் உச்ச நீதிமன்றம் அதை 404.25 டி.எம்.சி.யாகக் குறைத்தது. முதல் மனு போட்டபோது கைக்குழந்தையாக இருந்தவனுக்கு அதற்குள் 35 வயது!

இதில் நமக்குப் பாடம் 2016. அந்த செப்டம்பர் 20இல், நான்கு வாரத்தில் காவிரி மேலாண்மை வாரியம் அமையுங்கள் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. கர்நாடக சட்டமன்றம் மூன்றே நாளில் கூடி, அணைத் தண்ணீர் குடிநீருக்கு மட்டும்தான் என்று தீர்மானம் போட்டது. கோர்ட்டு அதோடு விடவில்லை; அக்டோபர் 4க்குள் வாரியம் வேண்டும் என்று கெடு வைத்தது. கெடுவுக்கு முதல் நாள் மத்திய அரசு போய், வாரியம் அமைப்பது பாராளுமன்றத்தின் வேலை, கோர்ட்டு உத்தரவிட முடியாது என்றது. வாரியம் தள்ளிப் போனது. சம்பா காய்ந்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பது இதுதானே!

2018 தீர்ப்பில் ஆறு வாரக் கெடு. அந்தக் கெடுவும் மார்ச் கடைசியில் முடிந்துபோனது. அப்புறம்தான் தமிழ்நாடு கொதித்தது. ஏப்ரல் மாதம் முழுக்க கடையடைப்பு, மறியல், நடைபயணம். கோர்ட்டில் அவமதிப்பு மனு. உள்ளே வழக்கு, வெளியே போராட்டம், இரண்டும் சேர்ந்து நெருக்கிய பிறகே 2018 ஜூன் 1இல் காவிரி மேலாண்மை ஆணைய அறிவிப்பு வந்தது. தீர்ப்பு இல்லாமல் நமக்குப் பங்கு இல்லை. உண்மை. போராட்டம் இல்லாமல் அந்தத் தீர்ப்பு காகிதத்தை விட்டு இறங்கியிருக்குமா?

டெல்லி எல்லையில் கற்ற பாடம்

2020 நவம்பர் 26 முதல் பஞ்சாப், ஹரியானா, உத்தரப்பிரதேச விவசாயிகள் டெல்லி எல்லையில் டிராக்டரோடு உட்கார்ந்தார்கள். மூன்று வேளாண் சட்டங்களை ரத்து செய் என்பது முக்கியக் கோரிக்கை. 2021 ஜனவரி 12 அன்று உச்ச நீதிமன்றம் மூன்று சட்டங்களுக்கும் ஸ்டே கொடுத்தது. நான்கு பேர் கமிட்டியும் போட்டது.

நம்மில் பலருக்கு அன்றைக்குச் சந்தோஷம். "ஸ்டே கெடச்சிருச்சு, இனி கெளம்பலாம்" என்று பேசியவர்களும் உண்டு. ஆனால் பஞ்சாப் விவசாயி கிளம்பவில்லை. ஏன்? சட்டம் செல்லுமா செல்லாதா என்று கோர்ட்டு ஒரு வார்த்தை சொல்லவில்லை. செல்லாது என்று சொல்லாமலே பாராளுமன்றம் போட்ட சட்டத்தை நிறுத்திவைத்தது. இன்றைக்கு நிறுத்துகிற கை நாளைக்கு எடுத்தும் விடும். கமிட்டியில் இருந்தவர்கள் ஏற்கனவே அந்தச் சட்டங்களை ஆதரித்தவர்கள் என்று விவசாய சங்கங்கள் சொல்லின. ஒருவர் இரண்டே நாளில் விலகிக்கொண்டார்.

எங்கள் கோரிக்கை அரசிடம், கமிட்டி முன்னால் வரமாட்டோம் என்று சங்கங்கள் சொல்லிவிட்டன. கமிட்டி 2021 மார்ச்சில் மூடிய உறையில் அறிக்கை கொடுத்தது. உறை உறையாகவே கிடந்தது. அடுத்த வருஷம் கமிட்டி உறுப்பினர் ஒருவரே அதை வெளியில் விட்டபோது என்ன தெரிந்தது? தங்களிடம் கருத்துச் சொன்ன 73 அமைப்புகளில் 61 அமைப்புகள் அந்தச் சட்டங்களை ஆதரித்ததாக எழுதியிருந்தார்கள்! ஸ்டேயை நம்பி அன்றைக்குக் கூடாரத்தைப் பிரித்திருந்தால், இந்த அறிக்கையைக் காட்டியே சட்டத்தை மறுபடி இறக்கியிருப்பார்கள்.

குளிர், மழை, வெயில், கொரோனா எல்லாவற்றையும் தாங்கி உட்கார்ந்தார்கள். எழுநூறு பேருக்கு மேல் உயிரை விட்டதாக விவசாய சங்கங்கள் கணக்குச் சொல்கின்றன. 2021 நவம்பர் 19இல் பிரதமரே டி.வி.யில் தோன்றி ரத்து என்றார். 29ஆம் தேதி பாராளுமன்றம் ரத்து மசோதாவை நிறைவேற்றியது. சட்டம் போட்ட இடத்திலேயே அது ரத்தானது. அதன் பிறகே டிராக்டர்கள் ஊர் திரும்பின.

அப்படியானால் கோர்ட்டு ஒதுங்கியே இருக்கவேண்டுமா?

அதுவும் ஆபத்து. 'எல்லை' என்ற வார்த்தையை ஏழைக்கு எதிராகவும் பிடிக்கலாம்.

2007 டிசம்பரில் ஒரு தீர்ப்பு வந்தது. ஹரியானாவில் ஒரு கோல்ஃப் கிளப். அங்கே தோட்டக்காரர்களாக வேலைக்குச் சேர்ந்த இரண்டு பேரை வருஷக்கணக்கில் டிராக்டர் ஓட்ட வைத்தார்கள். எங்களை டிரைவராக நிரந்தரம் செய்யுங்கள் என்று கேட்டார்கள். ஐகோர்ட்டில் ஜெயித்தார்கள். உச்ச நீதிமன்றமோ, பதவியை உருவாக்குவது கோர்ட்டு வேலை இல்லை, நீதிபதிகள் தங்கள் எல்லையை அறிந்து நடக்கவேண்டும், அரசாங்கத்தை நடத்தப் பார்க்கக்கூடாது என்று சொல்லித் தீர்ப்பை மாற்றியது. சட்டப்படி பேச்சு சரிதான். ஆனால் அந்த எல்லைக்கோடு இரண்டு கூலிக்காரர்களின் வயிற்றின் மேல் அல்லவா போடப்பட்டது! நர்மதை அணை வழக்கிலும் 2000இல் பெரும்பான்மை நீதிபதிகள், அணை கட்டுவது அரசின் கொள்கை என்று சொல்லி வேலை தொடர வழிவிட்டார்கள். மூழ்கியது உழவனின் நிலம்.

கோர்ட்டு வரம்பு மீறினால் எப்போதும் ஏழைக்கே லாபம் என்றும் நினைக்கவேண்டாம். 1961இல் சென்னை மாகாணத்தில் நில உச்சவரம்புச் சட்டம் வந்தது. 1964இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. இழப்பீட்டுப் பிரிவு சமத்துவத்துக்கு விரோதமாம். பெரிய நிலச்சுவான்தார்கள் சிரித்தார்கள். பாராளுமன்றம் அதே வருஷம் 17ஆவது திருத்தம் கொண்டுவந்து, அந்தச் சட்டத்தை ஒன்பதாவது அட்டவணையில் சேர்த்துக் காப்பாற்றியது. உச்சவரம்பு நிலத்தில் பட்டா வாங்கி இன்று உழுதுகொண்டிருப்பவர்கள் இதை மறக்கக்கூடாது. அன்றைக்கு ஏழையைக் காப்பாற்றியது மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பிய பாராளுமன்றம்.

ஆக, நீதிபதி நல்லவரா, தீர்ப்பு இன்றைக்கு நமக்குச் சாதகமா என்று மட்டும் பார்த்தால் போதாது. நாம் வைத்துக்கொள்ளவேண்டிய அளவுகோல் ஒன்றுதான். சட்டம் ஏற்கனவே இருக்கிறது, அரசோ கம்பெனியோ அதை மீறுகிறது என்றால், கோர்ட்டு தயங்காமல் இறங்கவேண்டும். 'கொள்கை முடிவு' என்று சொல்லி ஒதுங்குவதற்கு அங்கே நியாயமே இல்லை. சட்டமே இல்லை, புதிதாக வரவேண்டும், பணம் ஒதுக்கவேண்டும் என்றால், கேட்கவேண்டிய இடம் சட்டமன்றமும் பாராளுமன்றமும். கேட்க வைக்கவேண்டியவர்கள் நாம்.

எதற்குக் கோர்ட்டு, எதற்கு வீதி?

உதாரணம் சொன்னால் விளங்கும். கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை 1966இல் இருந்து இருக்கிறது. ஆலைக்குக் கரும்பு போன 14 நாளில் பணம் தரவேண்டும். தாமதமானால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி தரவேண்டும். இது சட்டம். ஆலை பாக்கி வைத்தால் ரிட் மனு போடு. கோர்ட்டு உத்தரவிட முழு அதிகாரம் உண்டு. நிலம் எடுப்பும் அப்படித்தான். 2013 நிலமெடுப்புச் சட்டம் பொருந்துகிற இடத்தில், அது சொன்ன நடைமுறையும் இழப்பீடும் இல்லாமல் காட்டில் கல் நட வந்தால், உடனே கோர்ட்டுக்குப் போகவேண்டும். தாமதித்தால் கல் வேரூன்றிவிடும்.

நெல்லுக்குக் கட்டுபடியான விலை? அங்கே நிலைமை வேறு. குறைந்தபட்ச ஆதரவு விலையை மத்திய அரசு வருஷா வருஷம் அறிவிக்கிறது. அந்த விலைக்குக் கீழே வியாபாரி வாங்கினால் குற்றம் என்று சொல்லும் மத்தியச் சட்டம் எதுவும் இல்லை. எம்.எஸ்.சுவாமிநாதன் தலைமையிலான தேசிய விவசாயிகள் ஆணையம் 2006இலேயே, உற்பத்திச் செலவோடு 50 சதவீதம் சேர்த்துக் கொடு என்று பரிந்துரை செய்தது. அதை நிறைவேற்றக் கேட்டுப் போட்ட வழக்கில், 2015இல் மத்திய அரசு உச்ச நீதிமன்றத்தில், அப்படிக் கொடுத்தால் சந்தை கெட்டுவிடும், முடியாது என்று எழுதிக் கொடுத்தது. பரிந்துரையை வைத்துக்கொண்டு கோர்ட்டு என்ன செய்யும்? சட்டம் இருந்தால் அல்லவா மீறினாய் என்று கேட்க முடியும்? அந்தச் சட்டத்தை எழுத வைக்கிற வேலை எந்த வக்கீலுடையதும் இல்லை. அது நம்முடைய வேலை.

எனவே விவசாயப் பெருமக்களே, கேஸ் போடும்போது சும்மா கைநாட்டு வைத்துவிட்டு வராதீர்கள். சிட்டா, அடங்கல், சொசைட்டி ரசீது, ஆலை வெட்டு உத்தரவு, எடைச் சீட்டு, இன்ஷூரன்ஸ் கட்டிய ரசீது எல்லாவற்றையும் பத்திரமாக எடுத்து வையுங்கள். கோர்ட்டில் கண்ணீரைவிடக் காகிதம் பேசும். எந்தச் சட்டம் மீறப்பட்டது என்று வக்கீலிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஸ்டே கிடைத்தால் அதைத் தீர்ப்பு என்று நினைக்காதீர்கள். தீர்ப்பு கிடைத்தால் அது வயலுக்கு வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள்.

வயலுக்கு வேலி வேண்டும். வேலி இல்லாவிட்டால் ஆடு மேயும், மாடு மேயும், அதிகாரியும் மேய்வார். அந்த வேலிதான் கோர்ட்டு. ஆனால் வேலி போட்டதும் விளைந்துவிட்டது என்று எந்த விவசாயியாவது அரிவாளை எடுத்துக்கொண்டு போவானா? உழவேண்டும், விதைக்கவேண்டும், களை பறிக்கவேண்டும். அதை ஊர் கூடித்தான் செய்யவேண்டும்.

அடுத்த கூட்டத்தில் யாராவது எழுந்து "கேஸ் போட்டாச்சே, அப்புறம் எதுக்குப் போராட்டம்?" என்று கேட்டால், இந்தப் பிரசுரத்தை அவர் கையில் கொடுங்கள். அவரையும் அழைத்துக்கொண்டு வாருங்கள்.

சட்டத்தை மீறுகிறவனைக் கோர்ட்டில் நிறுத்துவோம்!
சட்டம் போட மறுப்பவனை வீதியில் சந்திப்போம்!
ஆதரவு விலைக்குச் சட்டம் வேண்டும்! பாராளுமன்றமே, பதில் சொல்!
விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!